மற்போர்க் கதைகளில் அணிமாற்றம்

புறநானூற்றின் 80ஆம் பாடல், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற மற்போரைப் பாடுவது. பாடியவர் சாத்தந்தையார். பிடியின் நுட்பத்தைச் சில அடிகளில் காட்டும் அப்புலவர், அவ்வளவில் அமையாது, இப்போரைத் தித்தன் காண வேண்டும் என்றும் விழைகின்றார். தித்தன் கிள்ளியின் தந்தை. மகனோடு மாறுபட்டிருந்தவன் என்பர். களத்தில் வீழ்ந்து கிடப்பவன் ஆமூர் மல்லனே. ஆயினும் பாட்டின் உள்ளுணர்ச்சி அவனை நோக்கியதன்று. அங்கே இல்லாத தந்தையை நோக்கியது. இருவர் பொரும் போருக்குப் பொருள் தருவது அவ்விருவர்தம் தோள்வலி மட்டுமன்று. அவர்களைச் சூழ்ந்து நிற்கும் உறவும் பகையுமே என்பது இப்பாட்டால் புலனாகும்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, நம் காலத்து மேடை மற்போர்க் கதைகளை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். அக்கதைகளில் இன்றைய நண்பன் நாளைய பகைவன் ஆகின்றான். நேற்றைய பகைவன் தோள்மேல் கைபோட்டு நிற்கின்றான். இதனை அணிமாற்றம் என்று குறிப்போம். எந்த அணிமாற்றம் கதையை உயர்த்துகின்றது, எது கெடுக்கின்றது என்பதே நம் வினா.

மேடை மற்போரும் திறனாய்வும்

மேடை மற்போர் பொய்ப்போர் அன்றோ? அதனைத் தமிழாய்வுக்கு உரியதாகக் கொள்வது எங்ஙனம்? இவ்வாறு வினவுவார் உளர். வெற்றி தோல்வி முன்னரே வகுக்கப்படுகின்றது என்பது உண்மையே. 1989 பிப்ரவரியில் அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாநிலச் சட்ட மன்றத்தார் முன்னர், உலக மல்யுத்தக் கூட்டமைப்பினரே தம் தொழில் போட்டியன்று, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டனர். ஆனால் தெருக்கூத்தில் துரியோதனன் படுகளத்தில் வீழ்வதும் முன்னரே வகுக்கப்பட்டதன்றோ? முடிவு தெரிந்தும் ஊரார் விடியும் வரை அமர்ந்திருக்கின்றனர். முடிவை அறிதல் வேறு. அதனை நோக்கிச் செல்லும் நெறியைத் துய்த்தல் வேறு. எனவே பொய்ப்போர் என்னும் குற்றச்சாட்டு விளையாட்டு நடுவர்க்கு உரியதே அன்றித் திறனாய்வாளர்க்கு உரியதன்று.

பிறிதொரு காரணமும் உண்டு. 1990களில் கம்பிவழித் தொலைக்காட்சி தமிழகத்துச் சிற்றூர்களிற் பரவியபோது இக்கதைகளும் உடன் நுழைந்தன. ஆங்கில உரையாடலைப் பின்தொடர இயலாதவரும் இவற்றை விரும்பிக் கண்டனர். கண்டதைத் தமிழில் தமக்குள் மீண்டும் சொல்லிக்கொண்டனர். அவ்வாறு சொல்லப்பட்ட கதை ஒரு வாய்மொழிக் கதை ஆகின்றது. வாய்மொழிக் கதை எந்நாட்டிலிருந்து வந்ததாயினும், தமிழில் சொல்லப்படுங்கால் தமிழாய்வின் எல்லைக்குள் வருதல் தகும்.

எம். புதுப்பட்டியின் பேச்சு வழக்கு

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிப் பகுதியில் உள்ள எம். புதுப்பட்டியில் இளைஞர் சிலர் இக்கதைகளைத் தம்முள் உரையாடக் கேட்டோம். அவர்கள் ஆண்ட சொற்கள் கருதத்தக்கன. 'காலை வாரிவிட்டான்', 'மண்ணைக் கவ்வினான்', 'கோதாவில் இறங்கினான்' என்பன பழைய மற்களத்தோடு இயைந்த சொற்கள். இன்று அரசியலுக்கும் வாணிகத்துக்கும் வழங்குவன. அவை மற்போர்க் கதைக்கே மீண்டும் வந்து தம் முதற்பொருளைப் பெறுகின்றன. 'கூட இருந்தே குழி பறித்தான்', 'வேட்டு வைத்தான்', 'கொளுத்திப் போட்டான்' என்பன பிறிதொரு வகையின. பட்டாசுத் தொழில் சூழ்ந்த அந்நிலத்தில், பின்னிரண்டு தொடர்களும் வெறும் உருவகமாக நில்லாது, தொழிலறிவோடு ஒட்டி நிற்கின்றன. ஓர் இளைஞர், 'அன்றைக்கே திரி வைத்துவிட்டான். வெடித்ததுதான் பிறகு' என்றார். திறனாய்வுக் கலைச்சொல் ஒன்றை அவர் நமக்கு அளித்தார் என்றே கருதுகின்றோம். அணிமாற்றத்துக்கு முன்னரே கதையில் இடப்படும் சிறு காரணத்தை இனித் 'திரி' என்றே வழங்குவோம்.

மற்போர் வீரர் படம் தாங்கிய சீட்டுகளை வைத்துச் சிறுவர் ஆடிய ஆட்டத்தையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். சீட்டில் உயரம், எடை, மார்பளவு, புயத்தின் அளவு, பொருத போர், வென்ற போர் என எண்கள் இருந்தன. பெரிய எண் சிறிய எண்ணை வென்றது. யாருக்கு யார் நண்பர் என்பதற்கு அச்சீட்டில் இடமில்லை. சிறுவர் எண்ணை மனப்பாடம் செய்தனர். சற்று வளர்ந்தவர் கதையை நினைவில் வைத்தனர். எண் மாறாதது, உறவு மாறுவது. மாறுவதை நினைவிற்கொள்ளும் ஆற்றலே கதை கேட்போன் ஆற்றல் ஆகும்.

பார்த்தின் கொள்கையும் அதன் எல்லையும்

மேலைத் திறனாய்வாளருள் மேடை மற்போரை முதன்முதல் நுணுகி ஆராய்ந்தோருள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த். 1957இல் வெளிவந்த அவர்தம் 'மித்தாலஜீஸ்' என்னும் நூல் மற்போர் பற்றிய கட்டுரையோடு தொடங்குகின்றது. மற்போர் விளையாட்டன்று, காட்சி என்பது அவர் துணிபு. குத்துச்சண்டை காலத்தில் வளர்ந்து செல்லும் ஒரு கதை. மற்போரிலோ ஒவ்வொரு கணமும் தனித்து நின்று பொருள் தருவது. முன்னும் பின்னும் அதற்கு வேண்டா என்பதும் அவர் கருத்தாகும். துன்பம், தோல்வி, நீதி ஆகியவை உடல்வழி வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன என்றும் அவர் விளக்குவர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பயின்றார்க்கு இது புதிதன்று. உள்ளத்து நிகழ்வது உடம்பிற் புலப்படுதலே மெய்ப்பாடு. இளிவரலும் வெகுளியும் பெருமிதமும் மற்களத்தில் மிகைபடத் தோன்றுகின்றன.

பார்த்தின் கொள்கை அவர் கண்ட பாரிசு நகரத்து அரங்குகளுக்குப் பொருந்தும். ஓரிரவு கண்டு கலையும் கூட்டத்துக்கு ஒவ்வொரு கணமும் தன்னளவில் விளங்குதல் வேண்டும். ஆனால் கிழமைதோறும் தொடரும் தொலைக்காட்சிக் கதைக்கு அக்கொள்கை முழுதும் பொருந்தாது. ஒருவன் மற்றொருவனை நாற்காலியால் அடிக்கின்றான். இது காட்சி. அடித்தவன் அடிபட்டவனின் தோழன் என்று அறிந்தவனுக்கு இது துரோகம். காட்சி ஒன்றே, பொருள் இரண்டு. இரண்டாவது பொருளைத் தருவது நினைவு. ஆகவே அணிமாற்றம் என்பது, பார்த் மற்போருக்கு இல்லை என்ற காலத்தை மற்போருக்குள் கொணரும் கருவி என்று கூறலாம்.

நினைவு எதனை நினைவது? நட்பை. திருக்குறளில் 79 முதல் 83 வரையுள்ள ஐந்து அதிகாரங்கள் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என முறையே அமைந்துள்ளன. இவற்றுள் பழைமையும் கூடா நட்பும் நம் ஆய்வுக்கு உரைகற்களாக அமைவன. பழைமையாவது, நெடுநாட் பழகியவர் உரிமையால் செய்வதைப் பொறுத்தல். கூடா நட்பாவது, உள்ளத்தால் கூடாது புறத்தே கூடி ஒழுகுதல்.

சாவேஜும் ஹோகனும்

திரி இட்டு வளர்த்த அணிமாற்றத்துக்குச் சிறந்த சான்று ராண்டி சாவேஜ், ஹல்க் ஹோகன் ஆகிய இருவர் கதை. 1988 மார்ச்சு 27ஆம் நாள் நடந்த நான்காம் ரெசில்மேனியாவில் சாவேஜ் பட்டம் வென்றான். அவ்வெற்றி தனித்து வந்ததன்று. சாவேஜின் துணைவி எலிசபெத் ஓடிச்சென்று ஹோகனை அழைத்துவர, ஹோகன் எதிரியை நாற்காலியால் அடித்த பின்னரே அது கைகூடிற்று. பட்டத்தோடு கடனும் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 29இல் இருவரும் ஓரணியாய் நின்று வென்றனர். வெற்றிக் களிப்பில் ஹோகன் எலிசபெத்தைத் தூக்கிக் கொண்டாட, சாவேஜின் முகம் மாறிற்று. ஒருவர் ஒன்றும் பேசவில்லை. அதுவே திரி.

1989 சனவரி 15இல் பலர் பொரும் போரில் ஹோகன் பிறனொருவனைத் தள்ளுங்கால் சாவேஜையும் உடன் வெளியே தள்ளினான். எலிசபெத் இடைநின்று இருவரையும் அமைதிப்படுத்தினாள். பிப்ரவரி 3இல் எதிரியால் எறியப்பட்ட சாவேஜ் எலிசபெத்தின் மீது விழுந்தான். மயங்கிய அவளை ஹோகன் தன் கைகளில் ஏந்தி உள்ளே கொண்டு சென்றான். சாவேஜ் களத்தில் தனித்து விடப்பட்டான். பின்னர் ஹோகன் திரும்பி வந்தபோது சாவேஜ் அவனைக் கைவிட்டு வெளியேறினான். ஏப்பிரல் 2இல் இருவரும் பொருதனர், ஹோகன் வென்றான். அப்போருக்கு நிறுவனத்தார் இட்ட விளம்பரத் தொடர் 'வெடிப்பு' என்னும் சொல்லையே கொண்டது. எம். புதுப்பட்டி இளைஞரின் உவமையை அவர்களும் அறிந்திருந்தனர் போலும்.

இக்கதையில் குற்றவாளி யார்? சாவேஜ் என்பதே மேடையின் தீர்ப்பு. குறளின் பழைமை அதிகாரத்தைக் கொண்டு நோக்கின் தீர்ப்பு அத்துணை எளிதன்று. நண்பன் உரிமையாற் செய்ததைச் சாவேஜ் பொறுத்திருத்தல் வேண்டும், பொறுத்திலன். அது அவன் குறை. ஆனால் ஹோகன் கொண்ட உரிமை அவனுக்குத் தரப்பட்டதா, அவனே எடுத்துக்கொண்டதா? பிறன் துணைவியை ஏந்திச் செல்வோன், தோழனைக் களத்தில் விட்டுச் செல்கின்றான் என்பதும் கண்கூடு. கதை ஒரு பக்கம் சாய்கின்றது. நிகழ்ச்சிகளோ இரு பக்கமும் நிற்கின்றன. அதனாலேயே இன்றும் அக்கதையைப் பற்றி வாதிட இடமுண்டு. நல்ல அணிமாற்றம் என்பது மாறியவனுக்கும் ஒரு நியாயம் உடையது என்பதை இதனால் அறிகின்றோம்.

மறதியால் விளையும் கேடு

இவ்விருவரையே கொண்டு மறுதலையையும் காட்டலாம். 1996 சூலை 7ஆம் நாள், வேறொரு நிறுவனமாகிய டபிள்யூ.சி.டபிள்யூ. மேடையில், நிறுவனத்தைக் காக்க வருவான் என்று அனைவரும் எதிர்பார்த்த ஹோகன், வீழ்ந்து கிடந்த சாவேஜையே தாக்கிப் பகைவரோடு சேர்ந்தான். காண்போர் கையிற் கிடைத்ததையெல்லாம் களத்தில் எறிந்தனர். இதற்குச் சாவேஜ் கதையைப் போல நீண்ட திரி இடப்படவில்லை. ஆயினும் இம்மாற்றம் வெற்றியுற்றது. ஏன்? 1984 சனவரியில் முதன்முதல் பட்டம் பெற்றது தொட்டு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஹோகன் காண்போரின் நண்பனாக இருந்தவன். முறிந்த நட்பு சாவேஜோடு கொண்டதன்று, காண்போரோடு கொண்டது. அந்தப் பழைமையே திரியாக நின்றது.

பின் நிகழ்ந்ததோ வேறு. அவ்வாண்டு முழுதும் சாவேஜ் அக்கூட்டத்தாரால் இழிவுபடுத்தப்பட்டான். எலிசபெத்தையே கருவியாகக் கொண்டு அவனை எள்ளினர். அக்டோபர் 27இல் அவனும் ஹோகனும் பொருதனர். ஆனால் 1997 பிப்ரவரி 23இல் சாவேஜ் ஹோகனுக்கு உதவி அதே கூட்டத்திற் சேர்ந்தான். பட்ட இழிவு எங்கே போயிற்று? கதை அதற்கு விடை கூறவில்லை. திரி இல்லை, நியாயமும் இல்லை, நினைவும் இல்லை. எஞ்சியது வியப்பு ஒன்றே. வியப்பு ஒருமுறைதான் பயன்படும். பிக் ஷோ என்னும் பேருருவினன் 1999 முதல் எத்தனையோ முறை அணி மாறினான். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே காட்சியாகக் காணின் குறை தோன்றாது. தொடர்ந்து காண்பவனுக்கோ அவன் இன்னான் என்னும் தெளிவே அற்றுப்போகின்றது. நம்பிக்கை வைக்கத் தகாதவன் துரோகம் செய்யவும் இயலாதவன் ஆகின்றான்.

காப்பிய மாந்தர்

கம்பராமாயணத்து வீடணன் ஒரே முறை அணி மாறுகின்றான். அம்மாற்றத்தின் முன்னர் அவன் தமையனுக்கு உரைத்த அறிவுரைகளும், பின்னர் இராமன் பக்கத்தார் ஏற்கலாமா என ஆராயும் ஆராய்ச்சியும் நிற்கின்றன. நட்பாராய்தல் அங்கே ஒரு படலத்தின் பெரும்பகுதியாகவே விரிகின்றது. அவனே போர்க்களத்தில் கும்பகருணனிடம் சென்று தன்னோடு வருமாறு அழைக்கின்றான். கும்பகருணன் மறுத்து நின்று மடிகின்றான். மகாபாரதத்துக் கன்னன் தன் பிறப்பை அறிந்த பின்னரும் செஞ்சோற்றுக் கடனை எண்ணித் துரியோதனன் பக்கமே நிற்கின்றான். மாறியவன் ஒருவன், மாறாதவர் இருவர். மாறாதவரை அருகே நிறுத்தியே காப்பியம் மாறியவனை அளக்கின்றது.

மேடை மற்போரில் இந்த அளவுகோல் பெரும்பாலும் இல்லை. காரணம் புலவனின் திறமைக் குறைவு மட்டுமன்று. காப்பியத்துக்கு முடிவு உண்டு. மேடை மற்போர்க் கதைக்கு முடிவில்லை. போர் முடிந்தால் வீடணன் அரசனாகலாம். மல்லனுக்கோ அடுத்த கிழமையும் எதிரி வேண்டும். எதிரிகள் தீர்ந்தபின் நண்பரே எதிரியாகின்றனர். முடிவற்ற தொடர் நண்பரை உண்டு வாழ்கின்றது என்பதே இவ்வகைக் கதையின் அடிப்படைக் குறை.

நாற்காலியின் வரலாறு

ஆயினும் முடிவற்ற தொடரிலும் நினைவு வாழக்கூடும் என்பதற்கு அண்மைக் காலத்தில் சான்று கிடைத்துள்ளது. ரோமன் ரெயின்ஸ், செத் ராலின்ஸ், டீன் ஆம்ப்ரோஸ் என்னும் மூவர் 2012 நவம்பரில் ஓரணியாகத் தோன்றினர். 2014 சூன் 2இல் ராலின்ஸ் இரும்பு நாற்காலியால் ரெயின்சின் முதுகில் அடித்தான்; பின் ஆம்ப்ரோசையும் தாக்கினான். முதல்நாள்தான் மூவரும் ஒன்றுபட்டு வென்றிருந்தனர். வள்ளுவர் கூறும் கூடா நட்புக்கு இஃது எடுத்துக்காட்டு.

ஆண்டுகள் சென்றன. ரெயின்ஸ் தன் குடியினரைத் திரட்டித் தலைவனாக அமர்ந்தான். சாமி செய்ன் என்பவன் 2022இல் அக்குடியை அண்டிச் சேர்ந்தான். அவ்வாண்டு நவம்பர் 26இல், தன் நெடுநாள் தோழனும் பகைவனுமாகிய கெவின் ஓவன்சைத் தாக்கித் தன் பற்றினை மெய்ப்பித்தான். 2023 சனவரி 28இல் ஓவன்சைக் கயிற்றோடு விலங்கிட்டு நிறுத்தி, நாற்காலியைச் செய்ன் கையிற் கொடுத்து அடிக்குமாறு பணித்தான் ரெயின்ஸ். செய்ன் தயங்கினான், பின்னர் ரெயின்சின் முதுகிலேயே அடித்தான். குடியினர் செய்ன்மேற் பாய, ரெயின்சின் உறவினனாகிய ஜே ஊசோ மட்டும் எவர் பக்கமும் நில்லாது வெளியேறினான். வீடணனுக்கு அருகே கும்பகருணன் நிற்பதுபோல, மாறியவனுக்கு அருகே மாறவும் மாட்டாது அடிக்கவும் மாட்டாது ஒருவன் நின்றான். அவன் வாளா சென்றதே அக்காட்சியின் உயிர்.

2024 ஏப்பிரல் 7இல், 1316 நாள் பட்டம் தாங்கிய ரெயின்ஸ் கோடி ரோட்சை எதிர்த்தான். போரின் இறுதிப் பகுதியில் ராலின்ஸ் பழைய மூவரணியின் உடையில் வந்தான். நாற்காலி ரெயின்ஸ் கையில் இருந்தது. எதிரே ரோட்ஸ், பக்கத்தில் ராலின்ஸ். அவன் ராலின்சை அடித்தான். அந்த ஒரு கணத்தில் ரோட்ஸ் மீண்டு எழுந்து பட்டத்தை வென்றான். பத்தாண்டுப் பகையைத் தீர்க்கப் போய்ப் பட்டத்தை இழந்தான் ரெயின்ஸ். 2014இன் அடியை அறியாதவனுக்கு இச்செயல் பேதைமையாகத் தோன்றும். அறிந்தவனுக்கு அவன் வேறொன்றும் செய்திருத்தல் இயலாது என்பது தெளிவு. கணம் தனித்து நின்று பொருள் தரும் என்ற பார்த்தின் கொள்கை இவ்விடத்து முழுதும் தோற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். அணிமாற்றம் சிறக்க வேண்டுமாயின் முன்னே திரி வேண்டும். மாறியவனுக்கு ஒரு நியாயம் வேண்டும். மாறிய பின் நினைவு வேண்டும். மூன்றனுள்ளும் தலைமை சான்றது நினைவே. முதலிரண்டும் குறையினும் நினைவு நிற்குமாயின் கதை பிழைக்கும். நினைவு அறின், எஞ்சிய இரண்டும் இருந்தும் பயனில்லை.

இது மேடை மற்போர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. நாள்தோறும் தொடரும் கதைகளே பெரும்பாலார்க்கு இன்று கிடைக்கும் நெடுங்கதைகள். நட்பு முறிவதைத் தாங்கும் உள்ளம் பெரிது. நட்பு இருந்ததையே மறக்கும் உள்ளம் வறிது. தொடர்கள் எதனைப் பழக்குகின்றன என்பது திறனாய்வாளர் பொருட்படுத்த வேண்டிய வினாவாகும். எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில் இக்கதைகள் தமிழில் மறுபடி சொல்லப்படும் வடிவங்களைத் தொகுத்து ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு உரிய நற்பணி. திரையில் மறக்கப்பட்டதைச் சொல்வோன் நினைவிற்கொண்டு நிரப்புகின்றானா, அவனும் மறந்துவிடுகின்றானா என்பது அத்தொகுப்பால் விளங்கும். அவன் நிரப்புகின்றான் எனின், கதையை இயற்றுவோன் கைவிட்ட கடமையைக் கேட்போனே ஏற்று நடத்துகின்றான் என்பது தெளிவாம்.